லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு நிர்வாகக் கட்டளைகளைத் திறந்துவிடுதல்: படிப்படியான முழு வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கணினிப் பயிற்சிக் கூடத்தின் 12 கணினிகளையும், ஆம்பூரில் காலணி வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தின் 4 கணினிகளையும் நான் பராமரித்து வருகிறேன். ஒன்றில் டெபியன், மற்றொன்றில் உபுண்டு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம். பிரிண்டர் நின்றுவிட்டது என்றோ, ஒரு மாணவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்றோ அழைப்பு வரும்போதெல்லாம் பேருந்து ஏறமுடியாது. அதற்காக, கணினியின் முழு உரிமையும் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டைத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், அது மறுநாளே மேசைக்கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் கிடக்கும். அங்கே இருப்பவர் தமக்கு வேண்டிய ஒரு வேலையை மட்டும், தம்முடைய சொந்தக் கணக்கிலிருந்தே, ரூட் பாஸ்வேர்டு தெரியாமலே செய்துகொள்ளும்படி வழி அமைப்பதுதான் சரி. அந்த வழியை எந்த வரிசையில் அமைக்கவேண்டும், புதிதாகச் செய்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோல ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்கவேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலில், சூடோ அந்தக் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற பயனர் ஒரு கட்டளையை ரூட்டின் உரிமையில் ஓட்ட உதவும் நிரல் அது. உபுண்டுவில் அது இருக்கும். நிறுவும்போது உருவாக்கிய முதல் பயனர் சூடோ குழுவிலும் இருப்பார். டெபியனில் நிலைமை வேறு. நிறுவும்போது ரூட்டுக்கென்று ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், முதல் பயனருக்குச் சூடோ உரிமை தரப்பட்டிருக்காது. அரசு வழங்கிய மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான் என்பதால், இங்கே சொல்லப்படும் டெபியன் முறைகளையே அங்கும் முதலில் முயன்று பாருங்கள். ஃபெடோரா, ரெட்ஹேட் வழிவந்தவற்றில் இந்தக் குழுவின் பெயர் வீல்.

இரண்டாவது, இரண்டு முனைய ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் 'சூடோ ஹைஃபன் ஐ' கொடுத்து ரூட்டாக நுழைந்து, வேலை முடியும்வரை அதை மூடாமல் வைத்திருங்கள். யாருக்கு என்ன உரிமை என்று சூடோவுக்குச் சொல்லும் விதிக் கோப்பில் ஒரு பிழை விழுந்தால் சூடோ முழுவதுமே வேலைசெய்ய மறுக்கலாம். அப்போது அதைத் திருத்தவும் ரூட் உரிமை வேண்டும், ரூட் உரிமை பெறவோ சூடோ வேண்டும். திறந்து கிடக்கும் அந்த ஜன்னல் ஒன்றுதான் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வரும் எளிய வழி. அதை மூடிவிட்டவர்கள் ரெக்கவரி முறையில் கணினியைத் தொடங்கவேண்டி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சூடோவை இற்றைப்படுத்துங்கள். 2021 ஜனவரியில் வெளியான ஒரு குறை, சூடோ உரிமையே இல்லாத உள்ளூர்ப் பயனரையும் ரூட் ஆக்கிவிடக்கூடியதாக இருந்தது, 1.9.5பி2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. டெபியனும் உபுண்டுவும் பழைய பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தைச் சேர்த்து வெளியிடுவது வழக்கம். எனவே எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். சூடோவின் பொதியை (பாக்கேஜை) இற்றைப்படுத்தியாயிற்றா என்பதைப் பார்த்தால் போதும்.

நான்காவது, பயனர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்கவேண்டும். மூன்று பேர் ஒரே கணக்கில் நுழையும் இடத்தில் யாருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கே பொருளில்லை.

2. வேலைகளை எழுதிக்கொள்ளுதல், கட்டளைகளை அல்ல

'சார், எனக்கும் சூடோ குடுத்துடுங்க' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 'தம்பி, சூடோவை வச்சு என்ன வேலை செய்யணும்னு சொல்லு' என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். பயிற்சிக் கூடத்தின் முகப்பு மேசையில் கடைசியில் தேறியவை நான்கே வேலைகள்: மாணவரின் பாஸ்வேர்டை மாற்றுவது, மின்தடைக்குப் பிறகு நின்றுபோன பிரிண்டரைத் திரும்ப ஓடவிடுவது, மாலையில் கணினிகளை அணைப்பது, எப்போதாவது பதிவுக் கோப்பைப் பார்த்து எனக்குப் படித்துச் சொல்வது.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் பயனரைச் சூடோ குழுவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் சேர்ப்பது என்றால் கணினியின் முழு உரிமையையும் கொடுப்பது. அதில் பாதி, கால் என்று எதுவும் இல்லை.

3. சூடோ இல்லாமலே முடிகிறதா என்று பார்த்தல்

பட்டியலில் உள்ள நான்கு வேலைகளில் மூன்றுக்குச் சூடோ தேவைப்படாது. இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எழுதாத விதியில் ஓட்டை இருக்காது.

கணினியை அணைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் முன்னால் அமர்ந்து நேரடியாக நுழைந்திருக்கும் பயனர், வேறு யாரும் நுழைந்திராத நிலையில், ரூட் உரிமை இல்லாமலே அதை அணைக்க டெபியன், உபுண்டு போன்ற இப்போதைய லினக்ஸ் விநியோகங்கள் அனுமதிக்கின்றன. போல்கிட் என்ற அமைப்பு இதைத் தீர்மானிக்கிறது. யூஎஸ்பி குச்சியைச் செருகித் திறப்பதற்கும் பொதுவாக அப்படியே.

பதிவுக் கோப்புகளைப் படிக்க, டெபியனிலும் உபுண்டுவிலும் 'ஏடிஎம்' என்ற குழுவில் பயனரைச் சேர்த்தால் போதும். பிரிண்டரைப் பராமரிக்க 'எல்பிஅட்மின்' என்ற குழு இருக்கிறது. அதில் உள்ளவர் நின்றுபோன பிரிண்டரை ஓடவிடலாம், பிறர் அனுப்பிச் சிக்கிக்கிடக்கும் அச்சுவேலையை நீக்கலாம். சேர்க்கும் கட்டளை இது:

சூடோ யூசர்மாட் -ஏஜி எல்பிஅட்மின் வரவேற்பு

இதில் 'ஏ' சிறிய எழுத்து, 'ஜி' பெரிய எழுத்து. 'வரவேற்பு' என்பது பயனரின் கணக்குப் பெயர். சிறிய 'ஏ'யை விட்டுவிட்டால், புதிய குழுவில் சேர்வதோடு பயனர் ஏற்கெனவே இருந்த மற்றத் துணைக்குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டுவிடுவார். உங்கள் சொந்தக் கணக்குக்கே இப்படிச் செய்துகொண்டால், சூடோ குழுவிலிருந்தும் வெளியே வந்திருப்பீர்கள். இந்த ஓர் எழுத்தால் வந்த அழைப்புகளே எனக்கு அதிகம்.

குழுவில் சேர்த்ததும் முனையத்தை மூடித் திறந்து, 'இன்னும் வரலையே சார்' என்பார்கள். குழு விவரம் பயனர் நுழையும்போதுதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. முழுவதுமாக வெளியேறி மறுபடி நுழையவேண்டும். பிறகு 'ஐடி' என்று அடித்தால் சேர்ந்துள்ள குழுக்கள் தெரியும்.

இரண்டு குழுக்களில் மட்டும் யாரையும் சேர்க்காதீர்கள். 'டாக்கர்' குழுவில் உள்ளவர் கணினியின் முழுக் கோப்பமைப்பையும் ஒரு கொள்கலனுக்குள் இணைத்து ரூட்டாக மாற்றியெழுதலாம். 'டிஸ்க்' குழுவில் உள்ளவர் வட்டையே நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். பெயரில் ரூட் இல்லை என்பதைத் தவிர, இரண்டும் ரூட்டுக்குச் சமம்தான்.

4. 'கமாண்ட் நாட் ஃபௌண்ட்' என்று வந்தால்

எல்பிஅட்மின் குழுவில் சேர்த்தாயிற்று. நின்ற பிரிண்டரை ஓடவிடப் பயனர் 'கப்ஸ்எனேபிள்' என்று அடிக்கிறார். டெபியனில் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வருகிறது. உடனே பொதியைத் திரும்ப நிறுவப் போய்விடுகிறார்கள்.

கட்டளை அங்கேதான் இருக்கிறது. நிர்வாகக் கட்டளைகள் பலவும் 'எஸ்பின்' கோப்புறைகளில் வைக்கப்படுகின்றன. டெபியனில் சாதாரணப் பயனரின் தேடுபாதையில், அதாவது கட்டளையைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலில், அந்தக் கோப்புறைகள் இல்லை. உபுண்டுவில் இருக்கின்றன, அதனால் அங்கே பழகியவர்களுக்கு இது புதிராகத் தோன்றும். பயனரின் வீட்டுக் கோப்புறையிலுள்ள புள்ளி-ப்ரொஃபைல் கோப்பின் கடைசியில், தேடுபாதை மாறியோடு /யூஎஸ்ஆர்/எஸ்பின் கோப்புறையைச் சேர்த்து ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. பழைய பாதையை அழிக்காமல் அதன் இறுதியில் சேருங்கள். அழித்துவிட்டால் 'எல்எஸ்' கூடக் கிடைக்காது.

'பர்மிஷன் டினைடு' என்பது வேறு செய்தி. கட்டளை கிடைத்தது, உரிமை இல்லை என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கப் பழக்குங்கள். தொலைபேசியில் பிழைச்செய்தியை எழுத்துக்கு எழுத்து படித்துச் சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

5. விதிக் கோப்பைத் திறத்தல்

மீதமிருப்பது மாணவரின் பாஸ்வேர்டை மாற்றும் வேலை. இதற்கு எந்தக் குழுவும் உதவாது. சூடோ விதி எழுதியாகவேண்டும்.

முதன்மைக் கோப்பான சூடோயர்ஸைத் தொடாதீர்கள். அதன் பக்கத்திலுள்ள சூடோயர்ஸ்.டி கோப்புறைக்குள் தனிக் கோப்பு ஒன்று உருவாக்குங்கள். பொதி இற்றைப்படும்போது முதன்மைக் கோப்பைப் பற்றிக் கேள்வி எழாது. விதி வேண்டாமென்றால் அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டால் போதும்.

சூடோ விசூடோ -எஃப் /இடிசி/சூடோயர்ஸ்.டி/முகப்பு

கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக்கூடாது. புள்ளி உள்ள பெயரையும், அலைக்குறியில் முடியும் பெயரையும் சூடோ படிக்காமல் தாண்டிவிடும், பிழைச்செய்தியும் காட்டாது. கோப்புக்குக் கடைசியில் டீஎக்ஸ்டீ என்று பின்னொட்டு வைத்துவிட்டு, விதி ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு நாள் முழுவதும் தேடியவரை எனக்குத் தெரியும்.

நேரடியாக நானோ உரைதிருத்தியில் திறக்காமல் விசூடோ வழியாகத் திறப்பதற்குக் காரணம், சேமிக்கும்போது அது இலக்கணத்தைச் சரிபார்க்கிறது என்பதுதான். ஆனால் விசூடோ உங்களுக்குத் திறந்துகொடுப்பது ஒரு தற்காலிக நகலை. அதனால் நானோவில் சேமிக்கும்போது கோப்பின் பெயரோடு 'புள்ளி டிஎம்பி' என்று ஒட்டிக்கொண்டு வரும். புதியவர்கள் அதைத் தவறு என்று நினைத்து அழித்துவிட்டுச் சேமிக்கிறார்கள். அப்படிச் செய்தால் சரிபார்ப்பு நடக்காமலே உண்மைக் கோப்பில் எழுதப்பட்டுவிடும். அந்தப் பெயரை அப்படியே விட்டு என்டர் அழுத்துங்கள்.

பிழை இருந்தால் 'வாட் நவ்' என்று கேட்கும். 'ஈ' அழுத்தினால் திரும்பத் திருத்தலாம். சிறிய 'எக்ஸ்' அழுத்தினால் சேமிக்காமல் வெளியேறலாம். பெரிய 'க்யூ' பிழையோடு சேமிக்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தாதீர்கள்.

முதன்மைக் கோப்பின் கடைசியில் இந்தக் கோப்புறையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். புதிய பதிப்புகளில் அது 'அட்' குறியுடன் தொடங்கும். பழையவற்றில் 'ஹாஷ்' குறியுடன் தொடங்கும். ஹாஷ் இருந்தாலும் அது குறிப்புரை அல்ல, வேலைசெய்யும் வரி. குறிப்புரை என்று எண்ணி நீக்கிவிட்டால் உங்கள் தனிக் கோப்புகள் எதுவும் படிக்கப்படாது.

6. விதியை எழுதுதல்

தனிப்பட்ட பயனருக்கு எழுதாமல் ஒரு குழுவுக்கு எழுதுங்கள். முகப்பு மேசையில் ஆள் மாறினால், குழுவிலிருந்து ஒருவரை எடுத்து மற்றவரைச் சேர்த்தால் போதும். விதிக் கோப்பைத் தொடவேண்டாம். 'முகப்பு' என்ற குழுவை 'குரூப்ஆட்' கட்டளையால் உருவாக்கியபின் விதி இப்படி அமையும்:

%முகப்பு ஆல் = (ரூட்) /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்/மாணவர்கடவு

சதவீதக் குறி, வருவது குழு என்று காட்டுகிறது; அதை விட்டால் முகப்பு என்ற பெயருடைய பயனரைத் தேடும். 'ஆல்' மூன்றும் பெரிய எழுத்துகள். இந்த இடத்தில் அது எல்லாக் கணினிகளிலும் என்று பொருள்படும், எல்லாக் கட்டளைகளும் என்று அல்ல. அடைப்புக்குறிக்குள் யாருடைய உரிமையில் ஓடவேண்டும் என்பது. கடைசியில் கட்டளையின் முழுப் பாதை.

பாதை முழுமையாக இருந்தே ஆகவேண்டும். வெறும் பெயரை எழுதினால் விசூடோவே ஏற்காது. பாதை தெரியாவிட்டால் 'விச்' என்ற கட்டளையோடு பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.

இந்த விதி சுட்டும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பை, எட்டாம் படியில் எழுதுவோம். அதற்குமுன், கட்டளையோடு வரும் கூடுதல் சொற்களை, அதாவது அளபுருக்களை, சூடோ எப்படி நடத்துகிறது என்று தெரியவேண்டும். பாதையை மட்டும் எழுதினால் பயனர் எந்த அளபுருவையும் சேர்த்துக்கொள்ளலாம். பாதைக்குப் பின் இரட்டை மேற்கோள் குறிகளை வெறுமையாக இட்டால் எந்த அளபுருவும் கூடாது. குறிப்பிட்ட சொற்களை எழுதினால் அதே சொற்கள் அதே வரிசையில்தான் வரவேண்டும். ஆம்பூர் அலுவலகத்தில், அச்சுவேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்யக் கணக்காளருக்கு ஒரு விதி எழுதியிருந்தேன். அவர் 'கப்ஸ்' என்பதற்குப் பதில் 'கப்ஸ் புள்ளி சர்வீஸ்' என்று அடித்தபோது சூடோ மறுத்துவிட்டது. சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்கு இரண்டும் ஒன்று. சூடோவுக்கோ அவை இரு வேறு எழுத்துச்சரங்கள்.

விதிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தினால் கடைசியாக வருவதே செல்லும். கோப்புறைக்குள் உள்ள கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன. எனவே ஒரு பயனருக்கு இரண்டு இடங்களில் விதி இருந்தால், எது பின்னால் வருகிறது என்று பாருங்கள்.

7. விதியில் எழுதவே கூடாதவை

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். ஒரு கட்டளையைக் கொடுக்கும்போது, அதன் வழியாக வேறு என்னென்ன செய்யமுடியும் என்பதையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

பாஸ்வேர்டு மாற்றும் 'பாஸ்டபிள்யூடி' கட்டளையையே நேரடியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? மாணவரின் பெயருக்குப் பதில் ரூட்டின் பெயரை எழுதலாம். எந்தப் பெயரும் எழுதாமல் விட்டாலும் ரூட்டின் பாஸ்வேர்டுதான் மாறும், ஏனெனில் ஓடுவது ரூட்டாக. அதைத் தடுக்க, வியப்புக்குறி இட்டு 'ரூட் மட்டும் கூடாது' என்று விதி எழுதுகிறார்கள். ரூட்டைத் தடுத்தாலும் உங்கள் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றலாமே. நீங்களோ சூடோ குழுவில் இருப்பவர். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சிலவற்றை விலக்கும் விதி காவல் அல்ல. தடுக்கப்பட்ட நிரலை வேறு பெயரில் படியெடுத்து ஓட்டினாலே அது தாண்டப்பட்டுவிடும்.

நட்சத்திரக் குறியும் அப்படித்தான். 'கேட்' கட்டளையால் வார்-லாக் கோப்புறைக்குள் உள்ள எதையும் படிக்கலாம் என்று நட்சத்திரமிட்டு எழுதுவது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அளபுருவில் வரும் நட்சத்திரம் சாய்கோட்டோடும் பொருந்தும், இடைவெளியோடும் பொருந்தும். பதிவுக் கோப்பு ஒன்றின் பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பாஸ்வேர்டுகளின் மறையாக்க வடிவம் இருக்கும் 'ஷேடோ' கோப்பின் பாதையையும் எழுதினால் அதுவும் சேர்ந்து திறந்துவிடும். அளபுருவில் நட்சத்திரம் வைக்காதீர்கள்.

உரைதிருத்திகளைக் கொடுக்காதீர்கள். வீஐக்குள்ளிருந்து, எந்தக் கட்டளையையும் அடிக்கக்கூடிய ஒரு ஷெல்லைத் திறக்கலாம். அது ரூட் ஷெல். 'லெஸ்', 'மேன்' போன்ற பக்கம் புரட்டும் நிரல்களிலும் வியப்புக்குறி அடித்து ஷெல்லுக்குப் போகலாம். பழைய சிஸ்டம்டி பதிப்புகளில், சூடோவோடு நிலை கேட்டால் விடை இந்த லெஸ்ஸுக்குள்தான் திறக்கும். நிலை கேட்க ரூட் உரிமையே வேண்டியதில்லை என்பதால் அதை விதியில் சேர்க்கவும் வேண்டியதில்லை.

ஒரு கோப்பைத் திருத்தும் உரிமை தரவேண்டியிருந்தால் சூடோஎடிட் இருக்கிறது. அது கோப்பின் நகலைப் பயனரின் சொந்த உரிமையில் திறந்து, முடிந்தபின் மாற்றத்தை மட்டும் உரிய இடத்தில் எழுதுகிறது. உரைதிருத்தி ரூட்டாக ஓடுவதில்லை. விதியில் சூடோஎடிட்டுக்கு மட்டும் முழுப் பாதை எழுதக்கூடாது. வெறும் பெயரும் அதன்பின் திருத்தவேண்டிய கோப்பின் பாதையும் போதும்.

'ஆப்ட்' நிறுவல் கட்டளையைக் கொடுப்பதும் முழு உரிமைக்குச் சமம். பயனர் தாமே செய்த ஒரு டெப் பொதியை நிறுவலாம். அதிலுள்ள நிறுவல் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடும். இற்றைப்படுத்தல் மட்டும்தானே என்று கொடுப்பதிலும் ஓர் இடுக்கு உண்டு: திருத்தப்பட்ட அமைப்புக் கோப்பு குறுக்கிட்டால், எதை வைத்துக்கொள்வது என்று, பொதியை நிறுவும் டிபிகேஜி நிரல் கேட்கும் கேள்வியில் 'இசட்' அழுத்தினால் ஷெல் திறக்கிறது. பாதுகாப்பு இற்றைப்படுத்தலைப் பயனரிடம் விடாமல் 'அனட்டெண்டட் அப்கிரேட்ஸ்' பொதியிடம் விட்டுவிடுங்கள். அது தானே ஓடும்.

8. கட்டளைக்குப் பதில் ஒரு சிறு ஸ்கிரிப்ட்

மேலே சொன்ன ஓட்டைகளை அடைக்க, பொதுவான கட்டளையைக் கொடுக்காமல், ஒரே வேலையைச் செய்யும் ஸ்கிரிப்டை எழுதி அதை மட்டும் கொடுக்கிறோம். ஆறாம் படியின் விதியில் உள்ள 'மாணவர்கடவு' அதுதான். மாணவர்கள் அனைவரும் 'மாணவர்' என்ற குழுவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்கிரிப்ட் வரிசையாக இவற்றைச் செய்யவேண்டும். வந்த அளபுரு சரியாக ஒன்றுதானா என்று பார்த்து, இல்லையென்றால் வெளியேறவேண்டும். அந்தப் பெயரில் சிற்றெழுத்தும் எண்ணும் மட்டுமே இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்; ஹைஃபனில் தொடங்கும் சொல், பெயராக அல்லாமல் கட்டளையின் விருப்பத்தேர்வாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் இந்தச் சரிபார்ப்பு அவசியம். பிறகு 'ஐடி' கட்டளையால் அவரது குழுக்களைப் பெற்று, வரிக்கு ஒன்றாகப் பிரித்து, 'கிரெப்' கட்டளைக்குச் சிறிய எக்ஸ் கொடுத்து, முழு வரியாக மாணவர் குழு இருக்கிறதா என்று தேடவேண்டும். முழு வரி என்பதை விட்டால், நாளை நீங்கள் 'மாணவர்-பொறுப்பு' என்று ஒரு குழு தொடங்கும்போது அதுவும் பொருந்திவிடும். அதே முறையில், சூடோ குழுவில் இருப்பவர் என்றால் மறுக்கவேண்டும். எல்லாம் சரி என்றால் கடைசி வரியில் பாஸ்டபிள்யூடி கட்டளையை முழுப் பாதையோடு அழைக்கவேண்டும். பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது, யாருக்குச் சொந்தம் என்பது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, 755 என்ற அனுமதியோடு (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம், ஓட்டலாம்) இருக்கவேண்டும். அது இருக்கும் கோப்புறையும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் வைத்தால், கோப்பு ரூட்டுடையதாக இருந்தாலும் அவர் அதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, அதே பெயரில் தம்முடையதை வைக்கலாம். சூடோ அதை ரூட்டாக ஓட்டும்.

சூடோ எதற்கு, யார் ஓட்டினாலும் உரிமையாளரின் உரிமையில் ஓடவைக்கும் செட்யூஐடி குறியை ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் முயல்வார்கள். லினக்ஸ் கர்னல் ஸ்கிரிப்டுகளில் அந்தக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. ஒன்றும் நடக்காது.

ஒன்றை முகப்பில் இருப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: இப்படி மாற்றியபின் மாணவர் ஜினோம் திரைக்குள் நுழையும்போது, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் சாவிக்கொத்து (கீரிங்) பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். அது இந்த வேலையின் பிழை அல்ல.

9. அந்தப் பயனராகவே நுழைந்து சோதித்தல்

உங்கள் கணக்கிலிருந்து சோதித்தால் எல்லாம் ஓடும், நீங்கள் முழு உரிமை உள்ளவர் என்பதால். எனவே முதலில் 'சூடோ விசூடோ ஹைஃபன் சி' கொடுத்து எல்லா விதிக் கோப்புகளும் ஒழுங்காக உள்ளனவா என்று பாருங்கள். அடுத்து 'சூடோ ஹைஃபன் எல் ஹைஃபன் பெரிய யூ' என்று அடித்துப் பயனரின் பெயரையும் கொடுத்தால், அவருக்கு என்னென்ன அனுமதி என்று பட்டியல் வரும். அதில் நீங்கள் எழுதாத எதுவும் இருக்கக்கூடாது.

பிறகு அந்தப் பயனரையே அமரவைத்து, அவர் கையால் செய்யச் சொல்லுங்கள். சரியான வழியை மட்டுமல்ல, தவறான வழியையும் சோதியுங்கள்: ரூட்டின் பெயரைக் கொடுத்து, உங்கள் பெயரைக் கொடுத்து, பெயரே கொடுக்காமல், இரண்டு பெயர்கள் கொடுத்து. நான்கும் மறுக்கப்படவேண்டும்.

இங்கே பெரும்பாலோர் நிற்கும் இடம் பாஸ்வேர்டு. சூடோ கேட்பது ரூட்டின் பாஸ்வேர்டை அல்ல, அமர்ந்திருப்பவரின் சொந்தப் பாஸ்வேர்டை. அடிக்கும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாமல் இருப்பது வழக்கம். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். எங்கள் கூடத்தில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகுகிறார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றாமலே பாஸ்வேர்டை அடித்துவிட்டு, மூன்று முறையும் தவறு என்று வந்தபின் என்னை அழைப்பார்கள். அடித்த எழுத்து திரையில் தெரியாததால் அவர்களுக்குக் காரணமும் தெரிவதில்லை. விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பார்ப்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

கட்டளையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சில கைபேசிகள் இரட்டை ஹைஃபனை ஒரே நீள்கோடாகவும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் மாற்றிவிடுகின்றன. அதை ஒட்டினால் ஓடாது.

10. பாஸ்வேர்டு கேட்பதை நீக்கலாமா

ஒருமுறை சரியாகக் கொடுத்தபின், அதே முனையத்தில் சிறிது நேரம் சூடோ மறுபடி கேட்காது. டெபியனிலும் உபுண்டுவிலும் அது 15 நிமிடம். பலருக்கு இதுவே போதும்.

நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால், விதியில் ரூட் அடைப்புக்குறிக்குப் பின், ஸ்கிரிப்டின் பாதைக்கு முன், 'நோபாஸ்வேர்டு' என்ற குறிச்சொல்லும் முக்காற்புள்ளியும் சேரவேண்டும். எல்லாம் பெரிய எழுத்துகள். பாஸ்வேர்டு என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் ஓ, ஆர் இரண்டும் விடுபடும். முழுச் சொல்லாக எழுதித்தான் பெரும்பாலும் விசூடோவில் பிழை வாங்குகிறார்கள்.

எதற்கு நீக்கலாம் என்பதில் என் அளவுகோல் இது: அந்தப் பயனர் தேநீர் குடிக்க எழுந்துபோயிருக்கும்போது வேறொருவர் வந்து அந்தக் கட்டளையை ஓட்டினால் சேதம் என்ன? கப்ஸ் மறுதொடக்கம் என்றால் சேதம் ஒன்றுமில்லை, நீக்கியிருக்கிறேன். மாணவர் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு நீக்கவில்லை.

11. அடிக்க எளிதாக்குதல்

நீண்ட பாதையை யாரும் நினைவில் வைக்கமாட்டார்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறையில் 'கடவுமாற்று' என்று இரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்று வையுங்கள். அது சூடோவோடு உண்மை ஸ்கிரிப்டை அழைத்து, வந்த அளபுருக்களை அப்படியே கடத்தினால் போதும். அந்தக் கோப்புறை எல்லாப் பயனரின் தேடுபாதையிலும் இருக்கிறது. ஷெல்லில் அலையஸ் (சுருக்கப் பெயர்) எழுதுவதைவிட இது நல்லது, ஏனெனில் மேசைத்திரை ஐகானிலிருந்து அழைத்தாலும் இது ஓடும். ஐகான் கோப்பில் 'டெர்மினல்' என்ற வரிக்கு 'ட்ரூ' என்று கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பாஸ்வேர்டு கேட்க இடமில்லாமல் சத்தமின்றி நின்றுவிடும்.

12. பதிவேட்டைப் பார்த்தல், உரிமையைத் திரும்பப் பெறுதல்

சூடோ வழியாக ஓடிய ஒவ்வொன்றும், மறுக்கப்பட்ட ஒவ்வொன்றும் பயனர் பெயரோடு பதிவாகின்றன. உபுண்டுவில் வார்-லாக் கோப்புறையிலுள்ள ஆத்.லாக் கோப்பில் பார்க்கலாம். டெபியன் 12இல் அந்தக் கோப்பு இயல்பாக உருவாவதில்லை. அங்கே 'ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் டீ சூடோ' என்று கேட்கவேண்டும். மாதம் ஒருமுறை மறுக்கப்பட்டவற்றைப் படிக்கிறேன். ஒரே கட்டளை ஒரே பயனரிடமிருந்து திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அவருக்கு உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது, அதற்கு நான் வழி செய்யவில்லை என்று பொருள். இரண்டாம் படியின் நோட்டில் அதை எழுதிக்கொண்டு அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் 'ஜிபாஸ்டபிள்யூடி ஹைஃபன் டி' கட்டளையால் முகப்புக் குழுவிலிருந்தும், எல்பிஅட்மின், ஏடிஎம் குழுக்களிலிருந்தும் அவரை நீக்குங்கள். அவர் அப்போது நுழைந்திருந்தால், வெளியேறும்வரை அந்தக் குழுக்களின் பழைய உரிமை அவரிடம் தொடரக்கூடும். அதனால் நீக்கிய கையோடு அவரது அமர்வையும் முடித்துவிடுங்கள்.